கடும் வியாதிக் காலத்தில் வைத்தியச் சீட்டுகளும் வரவு செலவும்

நமது குடியானவர்கள் பட்டா, கிரயப் பத்திரம், தீர்வை ரசீது ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாய்ப் பெட்டியிலிட்டுக் காத்து வருகிறார்கள். வைத்தியச் சீட்டுகளுக்கோ அந்த மரியாதை கிடைப்பதில்லை. அவை எறவாணத்தில் செருகப்பட்டுக் கரையானுக்கு இரையாகின்றன. புற்றுநோய், சிறுநீரகப் பழுது போன்ற வியாதிகள் மாதக்கணக்கில் நீடிப்பவை. பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரியில் முடிபவையுமல்ல. முதல் வைத்தியர் செய்வித்த பரிசோதனையின் முடிவு கையில் இல்லாவிடில், அடுத்தவர் அதனையே மறுபடியும் செய்விக்க நேரும். பணத்தைக் காட்டிலும் அதனால் கழியும் நாட்களே பெரிய நஷ்டமாகும்.

ஆகையால் வியாதி இன்னதென்று தெரிந்த அன்றே ஒரு தனிக் கட்டு ஏற்படுத்துதல் நலம். சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு தாளில் நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். இக்காலத்து மருந்துக்கடை ரசீதுகளிற் பல, சூட்டினால் அச்சாகும் தாளில் வருபவை. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாய்விடும். அவற்றை உடனே நகலெடுப்பது அவசியம். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் தமது குறிப்புகளைக் கேட்டால், 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டுமென்பது 2002-ம் வருஷத்திய மருத்துவ நடத்தை விதி. அவ்விதிப்படி அக்குறிப்புகளை 3 வருஷம் வைத்திருந்தாற் போதும். ஆதலின் பிறகு கேட்டுக்கொள்ளலாமென்று இருத்தல் தகாது.

வியாதிச் செலவைச் சாகுபடிக் கணக்கோடு கலவாமல் வேறு புஸ்தகத்தில் எழுதுக. கலந்தால், விதைக்கும் உரத்திற்கும் வைத்த தொகை எங்கே சென்றதென்பது நடவுக் காலத்தில்தான் தெரியவரும். குடும்ப வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்திற்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவி உண்டு. இதற்குக் குடும்ப அட்டையும் வருமான அத்தாட்சியும் தேவை. நோயாளி ஆஸ்பத்திரியிற் கிடக்கையில் அத்தாட்சிக்காக வீட்டார் நடையாய் நடப்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள். அத்தகைய மனுவை முன்னதாக எடுத்துக்கொள்வது சட்டத்திற்கு விரோதமன்று.

இனிக் கடன். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது; தவணை தப்பினால் அச்சலுகை போய்விடும். தவணைத் தேதியை அறிந்தவர் குடும்பத் தலைவர் ஒருவரே என்றிருக்கும் வீடுகளிலேதான் இது தப்புகிறது. மனைவியாவது வயது வந்த பிள்ளையாவது அத்தேதிகளை அறிந்திருக்கவேண்டும்.

அதிகாரப் பத்திரத்தைப்பற்றிப் பலரும் தவறாக எண்ணியிருக்கிறார்கள். தந்தை மகனுக்கு எழுதிக் கொடுத்த சாதாரண அதிகாரப் பத்திரம், 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவுப்படி, தந்தை இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிவுறும். நினைவு தப்பிய பிறகு அதைக் காட்டிப் பணம் எடுப்பதோ நிலத்தை அடமானம் வைப்பதோ செல்லாது. நீதிமன்றத்தை நாடவேண்டி வரும். ஆதலால் பாங்கிக் கணக்கை மனைவியோடு கூட்டுக்கணக்காக, இருவரில் எவரும் எடுக்கலாமென்ற நிபந்தனையுடன் மாற்றுவதை, அறிவு தெளிவாயிருக்கும்போதே செய்யவேண்டும். நோயாளிக்குத் தெளிவு இருந்து கை மட்டும் எழவில்லையானால், அவரது விரல் ரேகையை இரண்டு சாட்சிகள் அடையாளங் காட்டப் பணம் பெறலாம்; அவ்விருவரில் ஒருவர் பாங்கியின் பொறுப்புள்ள உத்தியோகஸ்தராயிருத்தல் வேண்டும்.

கணக்கில் நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி, அதனால் மட்டும் அதற்குச் சொந்தக்காரராகார். யாருக்கு எது சேரவேண்டுமென்பதை உயிலில்தான் எழுதவேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. இரண்டு சாட்சிகள் கையொப்பமிடுவது மட்டும் இன்றியமையாதது. பங்கு பெறுபவரைச் சாட்சியாக வையாதிருப்பது நலம். நோயுற்றவர் எழுதும் உயிலில் சிகிச்சை செய்யும் வைத்தியரே ஒரு சாட்சியாயிருப்பின், எழுதியவரின் மனநிலையைப்பற்றிப் பின்னால் வழக்கு எழும்போது அது பெரிதும் உதவும்.