வண்டி நின்றுவிட்டது, விலாசம் இன்னும் ஓடுகிறது

'நோமேட்லேண்ட்' படம் ஒரு தபால் செய்தியோடுதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்ற ஊரின் ஜிப்சம் பலகை ஆலை 2011 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்த ஜூலைக்குள் அந்த ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 89405-ம் ரத்தானது என்று திரையில் எழுத்து ஓடும். 2021-ல் ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் பாலைவனத்தையும் வானத்தையும் பார்த்த கண்களுக்கு அந்த வரி நினைவிருக்க நியாயமில்லை. படுக்கையும் சமையலறையும் கொண்ட ஆர்.வி. வண்டியை வீடாக்கிக்கொண்டவர்களைப் பற்றி வருகிற எல்லாமே புறப்பாட்டைப் பற்றியவை. ஆனால் புறப்பட்டவர்கள் திரும்பவும் வருகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்து மோகத்தில், 2021-ல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து விற்பனைக்குப் போயின. 2023-ல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அன்று கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் முழங்கால் வலி, டீசல் விலை, பேரப்பிள்ளை என்று ஏதோ ஒரு காரணத்தால் இன்று நாலு சுவருக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வண்டியை என்ன விலைக்கு விற்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு ஆயிரம் பேர் உண்டு. நிலையான வீடில்லாத காலத்தில் தபால் வாங்குவதற்காக டெக்சஸிலோ புளோரிடாவிலோ தெற்கு டகோட்டாவிலோ ஒரு தபால் முகவரிடம் எடுத்த பெட்டி எண்ணை என்ன செய்வது என்று கேட்டால் மட்டும், "ரத்து பண்ணிவிடுங்கள், அவ்வளவுதான்" என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வீட்டுக்குக் குடிபோன பிறகும் அந்தப் பெட்டியைக் குறைந்தது 15 மாதம் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

காரணம், அநேகமாக யாரும் இரண்டாம் முறை படிக்காத ஒரு படிவத்தில் இருக்கிறது. முகவரிடம் சேரும்போது, என் தபாலை இவர் வாங்கிக்கொள்ளலாம் என்று அமெரிக்க அஞ்சல் துறைக்கு எழுதிக் கொடுக்கும் 1583-ம் எண் படிவம் அது. இரண்டு அடையாளச் சான்றுகளைக் காட்டி, நோட்டரி முன்னாலோ முகவர் முன்னாலோ கையெழுத்துப் போட வேண்டும். முகவருடனான உறவு முடிகிறபோது வாடிக்கையாளரும் சரி, முகவரும் சரி, அஞ்சல் துறையிடம் முகவரி மாற்ற விண்ணப்பம் கொடுக்கக் கூடாது என்பது அதில் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் ஒன்று. தபாலை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது அவர்கள் இருவரின் பொறுப்பு. அப்படித் திருப்பிவிடும் ஒவ்வொரு உறைக்கும் புதிதாகத் தபால் கட்டணம் கட்ட வேண்டும். சாதாரண வீட்டிலிருந்து இடம் மாறுகிற ஒருவர் ஒரு விண்ணப்பம் போட்டால் முதல் வகுப்புத் தபால் 12 மாதம் தானாகவே புது வீட்டுக்கு வந்து சேரும். காசு கட்டினால் இன்னும் நீட்டிக்கலாம். முகவரின் வாடிக்கையாளருக்கு இந்த வசதி கிடையாது. அவருக்கு விதிப்படி கிடைப்பது, ஒப்பந்தம் முடிந்த பிறகு முகவர் 6 மாதம் தபாலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும். அதற்கும் தபால் கட்டணம் வாடிக்கையாளர் தலையில்தான்.

பன்னிரண்டு மாதம் ஆறாகக் குறைவது இதில் சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. சாதாரண முகவரி மாற்ற விண்ணப்பங்களெல்லாம் தேசிய அளவிலான ஒரு தரவுத்தளத்தில் சேர்கின்றன. வங்கி, காப்பீட்டு நிறுவனம், பத்திரிகை என்று மொத்தமாகத் தபால் அனுப்புகிற எவரும் தங்கள் பட்டியலை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். வருமான வரித் துறையும் 2001 முதல் வரி செலுத்துவோரின் முகவரியை அதிலிருந்து புதுப்பித்துக்கொள்கிறது. நீங்கள் சொல்ல மறந்த இடத்துக்கும் செய்தி போய்ச் சேர்வது இந்த வழியில்தான். முகவரின் பெட்டியிலிருந்து கிளம்புகிறவரின் பெயர் இந்தத் தரவுத்தளத்துக்குள் நுழைவதே இல்லை. ஊர் ஊராக அலைந்த காலம் முழுவதும் எந்தப் பெட்டி அவரை அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒரே இடத்தில் இருப்பவராகக் காட்டியதோ, அதே பெட்டி அவர் நிஜமாகவே ஒரே இடத்தில் உட்கார்ந்த பிறகு அவரை மறைக்கத் தொடங்குகிறது.

எல்லோருக்கும் சொல்லிவிட்டால் தீர்ந்தது, பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக மாற்றினால் போயிற்று என்பது முதல் மறுப்பு. பட்டியல் போடத்தான் வேண்டும். அதற்குச் சிறந்த மூலம் மனித நினைவு அல்ல. முகவரின் இணையக் கணக்கில் கிடக்கும் உறைகளின் ஸ்கேன் படங்கள். கடந்த ஒன்றரை ஆண்டில் வந்த உறைகளின் இடது மேல் மூலையைப் பார்த்துக்கொண்டே போனால் அனுப்புநர் பட்டியல் கைக்கு வந்துவிடும். கணக்கை மூடினால் அந்தப் படங்களைப் பார்க்கும் வழியும் போய்விடலாம் என்பதால் முதலில் அவற்றை இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வண்டி வாழ்க்கையை முடிக்கிறவருக்கு வருகிற தபாலில் கணிசமானது இதுவரை வந்திராத தபால். பழைய உறைகளைப் பார்த்துப் போடும் பட்டியலில் அது எப்படி இருக்கும்? வண்டிக் கடன் 15, 20 வருடத் தவணைக்குக்கூட வாங்கப்படுவது. விற்கும்போது அதை அடைத்தால், கடன் தீர்ந்த சான்று பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் புறப்படும். காப்பீட்டை இடையில் முடித்தால் மீதி பிரீமியம் காசோலையாக வரலாம். நீட்டித்த உத்தரவாத ஒப்பந்தத்தை ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கான பணம் வர வாய்ப்புண்டு. இருபது வருடமாகத் தெரிந்த வங்கி புது முகவரியைக் குறித்துக்கொள்ளும். ஒரே ஒரு முறை காசோலை அனுப்பப்போகிற கணக்குப் பிரிவுக்கு யார் போய்ச் சொல்வது?

சுங்கச் சாவடி பில்லை இதில் தனியாகவே சொல்ல வேண்டும். நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, பதிவில் உள்ள முகவரிக்கு பில் அனுப்பும் முறை அமெரிக்காவில் பரவிவிட்டது. வாங்கியவர் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் பில் விற்றவரின் பழைய பெட்டிக்குத்தான் போகும். கட்டாத பில்லுக்கு அபராதம் ஏறும். டெக்சஸில் விற்ற 30 நாளுக்குள்ளும் கலிபோர்னியாவில் 5 நாளுக்குள்ளும் விற்பனைத் தகவலை மாநிலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்திருப்பது இந்த மாதிரித் தகராறைத் தவிர்க்கத்தான். கொடுக்க மறந்தவருக்கு எச்சரிக்கை வந்து சேர வேண்டிய ஒரே இடம் அந்தப் பெட்டி. அதைத்தான் அவர் முதல் வேலையாக மூடியிருப்பார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இப்போது எல்லாமே இணையத்தில் வந்துவிட்டது, மத்திய அரசே 2025 செப்டம்பர் 30 முதல் காகிதக் காசோலைகளைக் கைவிடத் தொடங்கிவிட்டது, இன்னும் உறையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதாந்தரக் கணக்குகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தாயிற்று என்று கணக்கில் வைக்கப்படும் கடிதங்களுக்கு அது பொருந்தாது. வரி பாக்கி என்று வருமான வரித் துறை முறையாக அனுப்பும் அறிவிப்பைச் சான்றிட்ட தபாலிலோ பதிவுத் தபாலிலோ கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினால் போதும். அது கைக்கு வந்ததா என்பது கேள்வியே இல்லை. அனுப்பிய தேதியிலிருந்து 90 நாள். அதற்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போடாவிட்டால், பணத்தைக் கட்டாமலே வாதாடும் உரிமை போய்விடும். கடைசியாகத் தெரிந்த முகவரி என்பது பொதுவாக, கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கில் இருக்கும் முகவரி. 8822-ம் எண் படிவத்தை அனுப்பி அதை மாற்றலாம். தேசியத் தரவுத்தளம் யாருக்கெல்லாம் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து கொடுக்கிறதோ அவர்களுக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியவேண்டியதில்லை. வண்டிக்காரருக்கோ அது கட்டாயம் போல. கணக்கில் முரண்பாடு இருக்கிறது என்ற விசாரணைக் கடிதங்கள் தாக்கல் செய்து பல மாதங்கள் கழித்து, சில சமயம் ஒரு வருடம் தாண்டிக்கூட வருபவை. ஆறு மாதக் காவல் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

பதினைந்து மாதம் என்ற கணக்கும் இங்கிருந்துதான் வருகிறது. மார்ச்சில் வீடு புகுந்து பெட்டியை மூடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி கிடைக்கும் ஆறு மாதம் செப்டம்பரில் தீர்கிறது. வேலை கொடுத்தவர்கள் அனுப்பும் சம்பளப் படிவத்துக்கு ஜனவரி 31 கெடு. பங்குத் தரகர்களுக்கு பிப்ரவரி நடு. கோடையில் முகாம் மைதானத்தில் வேலை பார்த்த இடம், சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கோ பண்டிகைக் காலக் கிடங்குக்கோ ஒப்பந்தத்தில் எடுத்த இடம் என்று வண்டி வாழ்க்கையில் சம்பளம் தருகிறவர்கள் பலர். அவர்கள் கையில் இருப்பதெல்லாம் பழைய பெட்டி எண்தான். படிவம் வராவிட்டாலும் வருமானம் வரித் துறைக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது சம்பாதித்தவருக்கு மட்டும். எந்த மாதத்தில் வெளியேறினாலும் ஒரு ஜனவரி முதல் ஏப்ரல் வரையான வரிப் பருவமும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிற எல்லோருடைய முறையும் அடங்க வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்கு மேல் கொஞ்சம் தேவைப்படுகிறது.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட உறுத்துவது உரிமை கோரப்படாத பணம். திரும்பிப் போன காசோலை, பேச்சு மூச்சில்லாத கணக்கு, மறந்த வைப்புத்தொகை ஆகியவற்றை நிறுவனங்கள் நிரந்தரமாகத் தாமே வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டு வரை பார்த்துவிட்டு மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். எந்த மாநிலத்திடம் என்ற சண்டையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-ல் டெக்சஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையிலான வழக்கில் தீர்த்து வைத்தது: நிறுவனத்தின் ஏட்டில் பணத்துக்குரியவரின் கடைசி முகவரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்திடம். சாதாரணக் குடிமகனுக்கு இது நியாயமான விதி. வாழ்ந்த ஊரில் தேடினால் பணம் கிடைக்கும். வண்டிக்காரரின் கடைசி முகவரியோ அவர் வருமான வரி இல்லை என்பதற்காகத் தேர்ந்தெடுத்த, உரிமம் வாங்க ஓரிரவு தங்கியதோடு சரி என்றிருக்கக்கூடிய தெற்கு டகோட்டாவில் இருக்கிறது. ஆரிகனில் வீடு வாங்கி உட்கார்ந்தவர் ஆரிகனில் தேடுவார். அவர் இறந்த பிறகு பிள்ளைகளும் அங்கேதான் தேடுவார்கள். அப்பா கால் வைத்து வாழாத ஒரு மாநிலத்தின் கருவூலத்தில் பணம் கிடக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? பயணம் முடிவதற்குத் துணையின் மரணம் காரணமாக இருக்கும் குடும்பங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. இறந்தவர் பெயருக்கு வரும் ஓய்வூதியக் கடிதமும் காப்பீட்டுக் கடிதமும் வந்துகொண்டிருக்கும்போது, பெட்டியை அவசரமாக மூடுவதோ அவர் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதோ வேண்டாத வேலை.

பழைய பெட்டியை வைத்திருந்தால் பழைய மாநிலத்திலேயே குடியிருப்பதாகப் பொருளாகாதா, புது மாநிலம் சந்தேகப்படாதா என்று கேட்பவர்களும் உண்டு. குடியிருப்பைத் தீர்மானிப்பது ஒருவர் எங்கே வாழ்கிறார், எங்கே நிலைக்க நினைக்கிறார் என்பது. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, வாக்குரிமை ஆகியவை அதற்கு அத்தாட்சி. அவற்றை உடனே மாற்றிவிட வேண்டும், தாமதத்துக்கு இடமில்லை. கலிபோர்னியாவில் குடியேறினால் உரிமத்துக்கு 10 நாள், வாகனப் பதிவுக்கு 20 நாள். டெக்சஸில் உரிமத்துக்கு 90 நாள். அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாக வாங்கிய மருத்துவக் காப்பீடு இருந்தால் இடம் மாறிய 60 நாளுக்குள் புதுத் திட்டத்துக்கு மாற வேண்டும். இவையெல்லாம் புது ஊருக்கு வந்துவிட்டன, பெட்டி மட்டும் பழைய தபாலைப் பிடிக்கும் வலையாக அங்கே இருக்கிறது என்றால் அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பெட்டி அங்கே, உரிமமும் வாக்கும் அங்கே, உடம்பு மட்டும் வரி போடும் மாநிலத்தில் என்று இருப்பவர்தான் பயப்பட வேண்டும். அவரைப் பற்றி இந்தக் கட்டுரை பேசவில்லை.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டிக் கட்டணம் வண்டிக்கு ஒரு டயர் மாற்றும் செலவை எட்டுவதே அபூர்வம். உறை மட்டும் ஸ்கேன் செய்யும் மலிவான திட்டம் இருந்தால் அதற்கு இறங்கிக்கொள்ளலாம். இந்த மாதங்களில் பெட்டிக்கு வரும் ஒவ்வொரு உறையும் ஒரு தகவல்: இந்த அனுப்புநர் இன்னும் முகவரியை மாற்றவில்லை. அன்றைக்கே அவரிடம் மாற்றிவிட்டு அடுத்த உறை வருகிறதா என்று பார்த்தால், பட்டியலில் விட்டுப்போனவையும் தெரிந்துவிடுகின்றன, மாற்றிவிட்டோம் என்று சொல்லி மாற்றாதவர்களும் தெரிந்துவிடுகிறார்கள். விளம்பரத் தாள் தவிர வேறெதுவும் வராமல் தொடர்ந்து மூன்று மாதம் போனால், அதற்கிடையில் ஒரு வரிப் பருவமும் கடந்திருந்தால், மூடலாம். மூடும்போது கடைசி நாளை எழுத்தில் குறிப்பிட்டு, அதற்குப் பிறகான 6 மாதத்துக்கு எந்த முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்து, அதற்கான தபால் கட்டணத்தை முன்பணமாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் இல்லையென்றால் உறையைத் திருப்பிவிட முகவரிடம் பணம் இல்லை. அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் வாய்ப்பு அதிகம்.