காலண்டர் ஓவியர்

குழந்தைகளே, தாத்தா வீட்டில் பழைய சாமி காலண்டர் இருந்தால், படத்தின் அடியில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள். சி.கொண்டையராஜு என்றிருக்கலாம்.

1898ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தபின், நம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கி, ரமணரை வரைந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதப் போனார். அரண்மனை, காடு, தர்பார்... கடைசி வரிசைக்காரருக்கும் தெரிய வேண்டுமே! அந்தப் பளிச்சென்ற நிறங்கள் அவரது சாமி படங்களிலும் உண்டு.

கோவில்பட்டியில் தங்கி வரைந்தார். படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுவீடாகப் போயின. 1976ல் மறையும்வரை திருமணம் செய்துகொள்ளவில்லை, சீடர்களே குடும்பம். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சீடருடன் சேர்ந்து வரைந்த படத்தில், சீடர் பெயரும் இருக்கும். டி.எஸ்.சுப்பையா என்ற பெயரை அப்படித்தான் பல காலண்டர்களில் பார்க்கிறோம்.