கூலி உயர்வும் சிறு நிலங்களில் இயந்திர உபயோகமும்

நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று, கிடைப்பினும் கூலி கட்டுப்படியாகவில்லை என்பது குடியானவர்கள் பலரும் கூறும் குறையாகும். கட்டட வேலையும் ஆலைத்தொழிலும் பெருகிய இடங்களில் உழைப்பாளிகளுக்கு வேறு ஜீவன வழிகள் ஏற்பட்டன. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமும் அவர்களுக்கு ஓர் ஆதரவாயிற்று. இனிப் பழைய கூலிக்கு அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். அது நியாயமும் அன்று. உயர்ந்த கூலியைத் தாங்கும் வகையில் சாகுபடியை அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்கது.

நிலத்தின் அளவு

2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நிலக் கைப்பற்றின் சராசரி அளவு இந்தியாவில் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். இந்தியாவின் கைப்பற்றுகளில் 100-க்கு 86 வீதம் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை.

ஓர் ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையோர் பெரும்பாலும் வீட்டாரின் உழைப்பைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்வர். நாலைந்து ஏக்கர் உடையவருக்கு வீட்டு ஆட்கள் போதா. ஆள் தேடி அலைவதும் மேற்பார்வையும் அவருக்குச் செலவே. களையெடுப்பு நண்பகலில் முடிந்துவிடினும், வந்தவர் அன்று வேறிடத்தில் வேலை தேட இயலாராதலின் முழுநாட் கூலி கேட்பது இயல்பு. சொந்தமாக இயந்திரம் வாங்கவோ அவருடைய நிலம் போதாது. ஆகையால் கூலி உயர்வு மிகவும் வருத்துவது இவ்விடைநிலைக் குடியானவரையே.

இயந்திரச் செலவின் கணக்கு

இயந்திரச் செலவு இருவகைப்படும். எண்ணெய்ச் செலவும் ஓட்டுநர் கூலியும் ஓடும் நேரத்திற்கேற்ப ஏறும். முதலின் வட்டியும் தேய்மானமும் இயந்திரம் ஓடினும் நின்றாலும் உண்டு. உதாரணமாக, இப்பிந்திய செலவு ஆண்டிற்கு 60,000 ரூபாய் எனக் கொள்க. 3 ஏக்கரில் மட்டும் உழைத்தால் ஏக்கருக்கு 20,000 ரூபாய் விழும். 150 ஏக்கரில் உழைத்தால் 400 ரூபாயே விழும். எனவே சிறு நிலத்திற்கு ஏற்றது வாடகை இயந்திரமே.

வங்காள தேசம் இதற்குத் தக்க சான்று. அங்கே 1988-ஆம் ஆண்டின் வெள்ளத்திற்கும் புயலுக்கும் பின்னர் உழவு மாடுகளுக்குப் பஞ்சம் உண்டாயிற்று. சிறு இயந்திரங்களின் இறக்குமதிக்கிருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்படவே, சீன தேசத்துப் பவர் டில்லர்கள் பரவின. வாங்கியவர்கள் தம் நிலத்தை உழுதபின் அயலார் நிலத்தையும் வாடகைக்கு உழுதனர். இவ்வாறு, நிலங்கள் சிறியனவாகவே இருந்தும், உழவு பெரும்பாலும் இயந்திரத்திற்கு மாறியது.

கவனிக்க வேண்டியவை

வாடகை முறையிலும் ஒரு குறை உண்டு. அறுவடை இயந்திரத்திற்கு வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில் கொடுக்கப்படுகின்றது. சிறு வயலில் அது திரும்புவதிலும் வரப்புத் தாண்டுவதிலும் கழியும் நேரத்திற்கும் பணம் கொடுக்க வேண்டும். இதைக் குறைக்கக் குடியானவர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்:

1. அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே வயதுள்ள நெல் ரகத்தை ஒரே வாரத்தில் நட்டு, இயந்திரத்தைச் சேர்ந்தே அமர்த்துக.

2. அறுவடைக்குச் சுமார் 10 நாட்களுக்கு முன் நீரை வடித்துவிடுக. சேற்றில் இயந்திரம் மெதுவாகவே நகரும்.

3. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இடலாகாது. சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் மிகுதி, மணிச் சேதமும் மிகுதி.

4. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்க.

உழைப்பாளிகளின் நிலை

ஆட்கள் வேறு வேலைக்குச் சென்றுவிட்ட ஊரில் இயந்திரம் குறையை நிரப்பும். வேறு பிழைப்பில்லாத ஊரிலோ, அறுவடைக் கூலியையே நம்பியிருக்கும் நிலமற்றோரின், முக்கியமாகப் பெண்களின், உணவைக் குறைக்கும். ஆதலின் தம் ஊரின் நிலையறிந்தே இதை மேற்கொள்ள வேண்டும். இயந்திரம் ஓட்டவும் பழுது பார்க்கவும் அக்குடும்பங்களின் ஆண், பெண் இருபாலாரையும் பழக்குவித்தால், கூலி உயர்வினால் அவர்கள் பெற்ற நன்மை நிலைக்கும். சாகுபடியும் தடையின்றி நடைபெறும்.