உளை இழந்த புரவி

குதிரைக்குத் தமிழிலே பெயர்கள் பல. பரி, புரவி, மா, இவுளி, பாய்மா என நிகண்டு கற்ற மாணவன் அடுக்கிச் சொல்வான். அதன் பிடரி மயிருக்கும் உளை என்றொரு தனிப்பெயர் உண்டு. இச்சொற்களையெல்லாம் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் யான், குதிரையின் தோலைப் பற்றியோ தீனியைப் பற்றியோ ஒருநாளேனும் எண்ணியதில்லை. எண்ணச் செய்தது பழைய மாணவர் ஒருவரின் கடிதம்.

அவர் நெடுந்தீவிலே பிறந்தவர். அத்தீவின் வெளிகளிலே அந்நியர் ஆட்சிக் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் மேய்ந்து திரிவதை அன்பர்கள் அறிவர். அவற்றினிடையே வளர்ந்த அவர், எம் கல்லூரியிற் சிலகாலம் இலக்கணம் கற்று, 2006ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது நாடு நீங்கினார். இப்பொழுது நோர்வே நாட்டிலே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கின்றார். அவர் எழுதியது இது:

"ஐயா, எங்கள் பண்ணையிலே ஐசுலாந்திலிருந்து வந்த பெட்டைக் குதிரை ஒன்று உண்டு. கோடை பிறந்தால் உடம்பைத் தூணிலே தேய்த்துக்கொண்டே நிற்கிறது. உளை முழுவதும் கொட்டிவிட்டது. வாலடியிலே புண். அடுத்த கோடையிலும் மாறாவிட்டால் அதன் உயிரை முடித்துவிடுவதே இரக்கம் என்கிறார் உரியவர். மூன்றுவகைக் கனியுப்புத் தூள்கள் வாங்கிக் கொடுத்து வருகிறேன். நாலாவதும் வாங்கட்டுமா? பழைய நூல்களிலே ஏதும் மருந்து உண்டோ?"

பண்டிதனிடம் பரிமருத்துவம் கேட்கின்றாரே என்று முதலில் நகைத்தேன். பின்னர் நகை ஒழிந்தது. ஓர் உயிரைப் பற்றிய கேள்விக்கு, அறியேன் என்று எழுதிவிட மனம் இசையவில்லை. எமதூர்க் கால்நடை வைத்தியர் ஒருவரை நாடினேன். அவர் தந்த நூல்களையும் வாசித்தேன். அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

இந்நோயின் மூலம் தீனியிலே இல்லை. ஒரு சிற்றுயிரின் கடியிலே உள்ளது. நுளம்பிலும் சிறியதாய், ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் நீளமே உடையதாய், கியூலிக்கோயிடீசு எனப்படும் ஈயினம் ஒன்றுண்டு. ஈரநிலத்திலே பெருகி, விடியலிலும் அந்தியிலும் கூட்டமாய் எழும். அதன் பெண் குதிரையைக் கடித்து இரத்தம் பருகும்போது, உமிழ்நீரிலுள்ள புரதங்கள் தோலினுட் செல்கின்றன. சில குதிரைகளின் உடல் அப்புரதங்களைப் பெரும்பகையெனக் கொண்டு பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. பின்னர் ஒவ்வொரு கடிக்கும் இசுத்தமீன் முதலியன சுரந்து தாங்கொணாத் தினவு எழுகின்றது. நஞ்சினால் வந்த கேடன்று இது. உடம்பு தன் காவலிலே அளவு கடந்ததனால் வந்த கேடு. இதனையே ஒவ்வாமை என்கின்றோம்.

இங்கே ஐசுலாந்தின் கதை கருதத்தக்கது. இவ்வீயினம் அத்தீவிலே நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. அதன் ஒருவகை 2015ஆம் ஆண்டிலேதான் அங்கே கண்டறியப்பட்டது. ஆதலின் அங்கே பிறந்த குதிரை இக்கடியை அறியாமலே வளர்ந்தது. வளர்ந்தபின் ஐரோப்பியப் பெருநிலத்துக்கு ஏற்றுமதியாகி முதன்முறை கடிபடும்போது, அதன் உடல் அதனைப் பொறுக்க அறிவதில்லை. ஈக்கள் மிகுந்த இடங்களிலே ஈராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்தவற்றுள் ஏறக்குறையப் பாதி இந்நோய்க்கு ஆளாயின என்று ஆராய்ந்தோர் கண்டனர். அதே இனத்திற் பெருநிலத்திலே பிறந்த குட்டிகளுள் பத்திலொன்றுக்கும் குறைவாகவே இந்நோய் வருகின்றது. இளமையிலே பட்ட கடி அவற்றைப் பழக்கிவிடுகின்றது போலும்.

மற்றொரு செய்தியும் உண்டு. ஐசுலாந்தை விட்டு ஒருமுறை நீங்கிய குதிரை மீண்டும் அந்நாட்டினுள் நுழைதல் ஆகாது என்பது அந்நாட்டுச் சட்டம். தொற்றுநோய்களினின்று தம் இனத்தைக் காக்க அவர்கள் வகுத்த அரண் அது. மாணவர் தம் கடிதத்திலே குதிரையைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். யான் அவரையும் சேர்த்தே வாசித்தேன்.

இனி அவர் கேட்ட கனியுப்புக்களின் கதைக்கு வருவோம். மிகச் சிறிய அளவிலே உடலுக்கு வேண்டப்படும் நாகம், செம்பு, செலனியம் முதலியவற்றைச் சுவட்டு மூலகங்கள் என்பர். நாகம் இன்றேல் தோல் தன்னைப் புதுக்கிக்கொள்ளாது. செம்பு குன்றின் மயிரின் நிறம் மங்கும். 500 கிலோ நிறையுள்ள வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு நாகம் 400 மில்லிகிராம், செம்பு 100, செலனியம் 1 என அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007ஆம் ஆண்டிலே வகுத்தது. நாகத்தை மிகையாகக் கொடுத்தாற் செம்பு உடலிற் சேராது போகும். ஒன்றைக் கூட்ட மற்றொன்று குறையும் கணக்கு இது.

செலனியத்தின் இயல்போ இன்னும் நுண்ணியது. 1817ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியசு அதனைக் கண்டறிந்து, கிரேக்கர் திங்கட்கு வழங்கிய பெயரால் அழைத்தார். நெடுங்காலம் அது நஞ்சென்றே எண்ணப்பட்டது. 1957ஆம் ஆண்டிலேதான் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது எனத் தெளிந்தனர். வடநாட்டு மண்ணிலே அது அரிது. பின்லாந்து அரசு 1980களின் நடுப்பகுதி தொடக்கம் வயலுக்கிடும் உரத்திலேயே அதனைக் கலக்கச் செய்தது. ஆகவே அங்குள்ள குதிரைகளுக்குச் செலனியம் கொடுத்தல் தவறன்று. எவ்வளவு என்பதே கேள்வி.

இவ்விடத்திலே பழைய நூலொன்று கைகொடுத்தது. பாண்டிநாட்டு வரலாறு கற்பிக்கும்பொருட்டு மார்க்கோ போலோவின் பயண நூலை முன்னரே வாசித்திருந்தேன். பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பரிகளைப் பொன் கொடுத்து வாங்கினர் என்றும், பேணும் முறை அறியாமையால் அவை மடிந்தன என்றும், சோற்றோடு ஊன் கலந்து அவற்றுக்கு ஊட்டினர் என்றும் 13ஆம் நூற்றாண்டினராகிய அவர் எழுதுவர். அந்நூலின் வேறொரு பகுதியிலே, சீனத்தின் வடமேற்கு மலைகளில் ஒருவகைப் பூண்டைத் தின்ற விலங்குகளின் குளம்புகள் கழன்றுவிடும் என்கின்றார். அப்பூண்டு செலனியம் செறிந்ததாயிருக்கலாம் எனப் பிற்கால அறிஞர் சிலர் கருதுவர். குளம்பு கழலுதல் மட்டுமோ? நாட்பட்ட செலனிய மிகையினால் முதலிலே உதிர்வன உளையும் வால்மயிருமே! 2009ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் புளோரிடாவில், மருந்துக் கலவையிற் செலனியத்தின் அளவு தவறியதனால் 21 போலோக் குதிரைகள் மாண்டன என்பதும் பதிவாகியுள்ளது.

வாசித்த அன்றிரவே எழுதினேன்: "தம்பி, நாலாவது தூளை வாங்க வேண்டா. கையிலுள்ள மூன்றின் பொதிகளையும் வைத்தியரிடம் காட்டிக் கூட்டிப் பாரும். குதிரையின் இரத்தத்தையும் வைக்கோலையும் சோதிப்பியும். குறையிருந்தால் நிரப்பலாம், தோல் வலுப்பெறும். ஆனால் ஈயின் கடியைத் தூள் தடுக்காது. அதற்குப் போர்வையும் காற்றுமே வேண்டும்."

மாரியில் அவர் மறுமொழி வந்தது. மூன்று தூள்களிலும் செலனியம் இருந்தது. கூட்டிப் பார்த்தால் வேண்டிய அளவின் பலமடங்கு. இரத்தச் சோதனையும் அதனையே காட்டியது. வைத்தியர் இரண்டை நிறுத்தினார். அடுத்த கோடையிலே குதிரையைக் குளக்கரை மேய்ச்சலிலிருந்து காற்று வீசும் மேட்டுக்கு மாற்றினர். அவ்வீ வலிய காற்றிலே பறக்க மாட்டாது. கழுத்து முதல் வாலடி வரை மூடும் போர்வையும் இட்டு, அந்தியில் இலாயத்திற் கட்டினர்.

அக்கோடை கழிந்தபின் மீண்டும் எழுதினார். தினவு முற்றாக ஒழியவில்லை. ஒழியாது என்றே வைத்தியர் சொல்லியிருக்கின்றார். நோய் வருமுன் காக்கும் தடுப்பு மருந்துக்காகச் சுவிற்சர்லாந்தின் பேண் பல்கலைக்கழகத்தாரும் ஐசுலாந்து அறிஞரும் பல்லாண்டுகளாகக் கூடி உழைத்து வருகின்றனர். அதன் பயன் இனி வருங் குதிரைகளுக்கே. ஆயினும் புண் ஆறியது. ஒரு சாண் உளை வளர்ந்துள்ளது. உரியவர் உயிர் முடிக்கும் பேச்சை விட்டுவிட்டார்.

நோய் தோன்றுமுன் அப்பண்ணையிலே அது ஈன்ற குட்டிக்கு இப்பொழுது நான்கு வயது. போர்வை இன்றியே மேய்கின்றது, தினவு இல்லை. அதன் உளை காற்றிலே அலைகின்றது என்று எழுதி முடித்திருந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் அந்நாட்டிலே பிறந்தவர்களே.