பதினெட்டு வயதுக்குப் பின் எங்கே போவது?

வீடற்றோர் என்றதும் நடைபாதையில் படுத்திருக்கும் முதியவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் ரயில் நிலையங்களில் இரவைக் கழிப்பவர்களில் மீசை அரும்பிய பிள்ளைகளும் உண்டு. வறுமை, பெற்றோரின் மரணம், மறுமணம், வீட்டில் குடியும் அடியும் எனக் காரணங்கள் பல. நாம் அதிகம் கவனிக்காத காரணம் ஒன்றும் இருக்கிறது.

குழந்தைகள் இல்லங்களில் வளர்வோர், 18 வயது நிறைந்ததும் வெளியேற வேண்டியவர்கள். தாய் தகப்பன் உள்ள பையனுக்கு அந்த வயதிலும் இரவுச் சோறு காத்திருக்கும். இவனுக்கோ வாடகை, வேலை, சாப்பாடு மூன்றும் ஒரே நாளில் தலைமேல் விழுகின்றன. முன்பணம் இல்லாததால் அறை கிடைப்பதில்லை. நிலையான முகவரியும் ஆவணங்களும் இல்லாதவனை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். தங்க இடம் தருகிறேன் என்று யார் அழைத்தாலும் போய்விடுகிறான்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவின்படி, இவர்களுக்கு நிதியுதவி அளிக்கலாம். பிற்காப்பு 21 வயது வரை, சிறப்புச் சூழலில் 23 வரை கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098 எண்ணை அழைக்கலாம்.

பருவம் அடைந்தால் யதீம் என்ற பெயர் நீங்குகிறது, தேவை நீங்குவதில்லை. இல்லத்தில் இருக்கும்போதே ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, கைத்தொழில் மூன்றும் அமைய உதவுவோம். அறை வாடகைக்குப் பொறுப்பேற்கவும் மஹல்லாவில் ஒருவர் முன்வரட்டும்.