ஒரே வேலை, வேறு வேறு எண்கள்

கணினியில் ஓடும் எந்த நிரலும் வட்டில் ஒரு கோப்பைத் தானாகத் திறந்துவிட முடியாது. இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் அந்த வேலையைக் கேட்டுப் பெற வேண்டும். இப்படிக் கேட்பதற்கு ‘சிஸ்டம் கால்’ என்று பெயர். நிரலாளர் ‘ரைட்’, ‘ரீட்’ என்று பெயரால் எழுதினாலும், கர்னல் பார்ப்பது செயலிக்குள் ரிஜிஸ்டர் எனப்படும் சிறு சேமிப்பிடத்தில் வைக்கப்பட்ட ஓர் எண்ணை மட்டுமே. பெயரை எண்ணாக்கித் தரும் பொறுப்பு சி நூலகத்தினுடையது. லினக்ஸில் பரவலாக உள்ளவை ஜிலிப்சி, மசல் என்னும் இரண்டு.

சிக்கல் என்னவென்றால், லினக்ஸில் இந்த எண்கள் செயலி வகைக்கு வகை மாறுகின்றன. எழுதச் சொல்லும் ‘ரைட்’, 32 பிட் இன்டெல் வகையில் 4. 64 பிட்டில் 1. 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் வகைகளில் 64. 64 பிட் மிப்ஸில் 5001. பழைய 32 பிட் இன்டெலில் 1 என்பது நிரலை முடித்துக்கொள்ளும் ‘எக்ஸிட்’டின் எண் என்பதால், அட்டவணை மாறிப்போனால் எழுத வேண்டிய நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

இந்தக் குழப்பத்தை அலட்சியத்தின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. ஆல்ஃபா செயலிக்கு லினக்ஸ் கொண்டுசெல்லப்பட்டபோது, அங்கு ஏற்கெனவே ஓடிய ஓஎஸ்எஃப்/1 என்னும் யூனிக்ஸின் எண்களே பின்பற்றப்பட்டன. 64 பிட் இன்டெல் வகைக்கோ, அடிக்கடி அழைக்கப்படுபவை அட்டவணையில் அருகருகே அமைந்து செயலியின் விரைவு நினைவகத்தில் ஒன்றாக ஏறும்படி எண்கள் புதிதாக அடுக்கப்பட்டன. எப்படி அமைந்தாலும், ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றினால் பழைய நிரல்கள் ஓடா என்பதால், அன்றைய முடிவுகள் இன்றும் அப்படியே நிற்கின்றன.

எண் மாறுவதோடு இது முடிவதுமில்லை. 64 பிட் ஆர்மில் ‘ஓப்பன்’ என்ற அழைப்பே கிடையாது. அதன் விரிந்த வடிவமான ‘ஓப்பன்-அட்’ மட்டுமே, 56 என்னும் எண்ணில், உள்ளது. நிரலாளர் எப்போதும்போல் ‘ஓப்பன்’ என்றே எழுத, நூலகம் அதை அவர் அறியாமல் மற்றதாக மாற்றி அனுப்புகிறது.

முன்பு ஜிலிப்சி இந்த எண்களை, தான் தொகுக்கப்படும் கணினியில் உள்ள கர்னல் தலைப்புக் கோப்புகளிலிருந்து, அதாவது பெயர்–எண் இணைகள் எழுதப்பட்ட கோப்புகளிலிருந்து, எடுத்துக்கொண்டது. அவை பழையனவாக இருந்தால் புதிய அழைப்பின் எண் கிடைக்காது. அப்படித் தொகுத்த நூலகம், பின்னர் புதிய கர்னலின் மேல் ஓடினாலும் ‘இந்த வசதி இல்லை’ என்றே விடை சொல்லும். கர்னலில் இருக்கும் வசதியை இடையில் நிற்கும் நூலகமே மறைப்பது விசித்திரமான நிலைதான். 2020-இல் ஒவ்வொரு செயலி வகைக்குமான எண் அட்டவணையும் ஜிலிப்சியின் மூல நிரலுக்குள்ளேயே வைக்கப்பட்டது. புதிய கர்னல் வெளிவரும்போது ஒரு சிறு நிரல் அந்த அட்டவணைகளைப் புதுப்பிக்கிறது.

கர்னல் தரப்பும் தன் பங்குக்கு இறங்கிவந்தது. 2019-இல் வெளிவந்த 5.1 பதிப்பு முதல், புதிய அழைப்புகள் ஏறக்குறைய எல்லா வகைகளிலும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. அவற்றில் ஒன்றான ‘ஐஓ-யூரிங்-செட்டப்’ இன்டெலிலும் ஆர்மிலும் 425 தான். 64 பிட் மிப்ஸ் தன் 5000-ஐக் கூட்டி 5425 என்று வைத்துக்கொள்கிறது. ஆல்ஃபாவில் அந்த எண்கள் முன்பே செலவாகிவிட்டதால், அங்கு மட்டும் 110 கூட்டி 535.