பறங்கி என்றொரு பழம்பெயர்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனால் கல் நந்தியின் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, அதாவது போர்த்துக்கேயன், "உங்கட நந்தி புல்லுத் தின்னுமா?" என்று ஏளனம் பண்ணினானாம். நந்தி எழும்பிப் புல்லைத் தின்று, சாணமும் போட்டதாம். வந்தவன் கோயிலைத் தொடாமலே போய்விட்டான். மட்டக்களப்பின் படுவான்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

திருகோணமலையில் எந்த நந்தியும் எழும்பவில்லை. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினான். குளக்கோட்டன் என்ற மன்னன் அந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணிக்குப் பறங்கியால் கேடு வரும் என்று முன்கூட்டியே சொல்வதாகக் கருதப்படும் கல்வெட்டு, இரட்டைக் கயல் சின்னத்தோடு அந்தக் கோட்டை வாசலில்தான் இருக்கிறது. நடந்து முடிந்தபின் வெட்டிய தீர்க்கதரிசனமோ என்ற ஐயம் எனக்குண்டு.

இந்தப் பறங்கி ஆதியில் போர்த்துக்கேயனே அல்ல. ரைன் நதிக்கரையில் வாழ்ந்த பிராங்குகள் என்ற ஜெர்மானியக் குடி. பிரான்சுக்குப் பெயர் தந்தவர்கள். 1096இல் தொடங்கிய சிலுவைப் போர்களில் அவர்கள் முன்னுக்கு நின்றதால், அராபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அரபும் பாரசீகமும் கடந்து, கடல் வணிகத்தோடு நம் கரைக்கு வந்தபோது அது பறங்கியாகிவிட்டது.

ஐரோப்பாவில் இதைவிடக் கெட்ட பெயர் வாங்கியது இன்னொரு ஜெர்மானியக் குடி. 455இல் கெய்செரிக்கின் தலைமையில் வாண்டல்கள் ரோமுக்குள் புகுந்து 14 நாள் கொள்ளையடித்தார்கள். ஆனால் கொலையும் தீவைப்பும் வேண்டாம் என்று பாப்பரசர் முதலாம் லியோ கேட்டதற்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டதாகவே சொல்வார்கள். 410இல் அதே நகரைச் சூறையாடியவர்கள் கோத்துகள். அவர்கள் பெயரோ பின்னாளில் தேவாலயக் கட்டடக்கலைக்குப் போய் மரியாதை பெற்றது. வாண்டல்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியில் சிலைகளும் நூல்களும் அழிவதைப் பொறுக்காத ஆயர் ஹென்றி கிரேகுவார், 1794இல் அந்த அட்டூழியத்துக்கு 'வாண்டலிசம்' என்று பெயர் சூட்டினார். உடைத்தவர்கள் பிராங்குகளின் பெயரைச் சுமக்கும் பிரெஞ்சுக்காரர். பழி வாண்டல்களுக்கு!

நம் பக்கத்தில் கணக்கு தலைகீழ். 409இல் ஐபீரியாவுக்குள் இறங்கிய வாண்டல்கள், இன்றைய போர்த்துக்கலின் வடபகுதியிலும் சிலகாலம் குடியிருந்தவர்கள். கோணேசரை இடித்தவனை வாண்டல் என்றிருந்தால் ஊர்ப் பொருத்தமாவது இருந்திருக்கும். நாம் பிராங்கைப் பிடித்துக்கொண்டோம். போதாததற்கு ஒரு தோல் நோய்க்கும் அந்தப் பெயரை வைத்தோம்.

மட்டக்களப்பில் மட்டும் அந்தப் பெயர் வேறு வழியில் போனது. 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையைப் பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயரின் ஆட்சி போனது, பிள்ளைகுட்டிகள் தங்கின. வாவிக்கரையில் பறங்கியர் என்றால் தச்சு வேலையும் இரும்பு வேலையும் தெரிந்த அயலவர்கள். கல்யாண வீட்டில் வயலின் இசைக்கு கப்ரிஞ்ஞா ஆடுகிறவர்கள். இங்கே அது வசைச்சொல் அல்ல, ஓர் இனத்தின் பெயர். 2004 சுனாமி டச்பாரில் அவர்களுடைய குடியிருப்பைத் துடைத்துவிட்டுப் போனது. பலர் பனிச்சையடிக்குக் குடிபெயர்ந்தார்கள். முதியவர்கள் இன்னும் தங்கள் போர்த்துக்கேயத்தில் பேசுகிறார்கள். பிள்ளைகளின் பேச்சு பெரும்பாலும் மட்டக்களப்புத் தமிழ்தான்.